பட்டியல்கள் எங்கே ஒன்றுபடுகின்றன? வென் வரிப்படமும் அப்செட் வரைபும்: மலையக ஆய்வு மாணவருக்கு ஒரு வழிகாட்டி

இறுதியாண்டு ஆய்வோ எம்.ஃபில் ஆய்வோ செய்துகொண்டிருக்கிறீர்கள். தேயிலை, மண், பறவை, தவளை, எதுவாகவும் இருக்கட்டும். கையில் மூன்று நான்கு பட்டியல்கள் வந்துவிட்டன. "ஒரு வென் வரிப்படம் போட்டுக்கொண்டு வாங்க" என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். சமர்ப்பிக்கும் நாளும் கிட்டே வந்துவிட்டது. இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். எனக்கு இந்த வேலை வந்தபோது தமிழில் எழுதிவைத்த ஒரு பக்கம்கூட அகப்படவில்லை. துண்டு துண்டாகப் பொறுக்கித்தான் கற்றுக்கொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஓ.எல். கணிதத்தில் படித்த தொடை (தமிழ்நாட்டு வாசகருக்குக் கணம்), இடைவெட்டு, ஒன்றிப்பு, அகிலத் தொடை ஆகிய நான்கும் நினைவிருந்தால் போதும். படம் வரையப் பத்து நிமிடம் போதும். அதற்கு முன்னால் இருக்கிற வேலைதான் நாட்களைத் தின்னும். அதனால் இந்தக் கட்டுரையிலும் படம் வரைவது பிந்தித்தான் வரும்.

1. கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

நம் நாட்டில் தேயிலை நிலத்தை உயரத்தை வைத்துப் பிரிப்பார்கள்: 600 மீற்றருக்குக் கீழே தாழ்நிலம், 600 முதல் 1,200 வரை இடைநிலம், அதற்கு மேலே உயர்நிலம். மூன்று வலயங்களிலும் மண் எடுத்து, அதிலுள்ள பற்றீரியாக்களை டீஎன்ஏ மூலம் அடையாளம் கண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஒரே தரவில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. மூன்று வலயங்களுக்கும் பொதுவானவை எவை? உயர்நிலத்தில் மட்டும் காணப்படுபவை எவை? உயர்நிலம் எதை அதிகம் ஒத்திருக்கிறது, இடைநிலத்தையா தாழ்நிலத்தையா?

முதல் இரண்டுக்கும் வென் வரிப்படம் பொருந்தும். மூன்றாவதற்குப் படத்தைவிட ஓர் எண் நல்லது. இடைவெட்டில் உள்ளவற்றின் எண்ணிக்கையை ஒன்றிப்பில் உள்ளவற்றின் எண்ணிக்கையால் வகுங்கள். இதற்கு ஜக்கார்ட் சுட்டி என்று பெயர். ஒவ்வொரு சோடிக்கும் இதைக் கணக்கிட்டுச் சிறிய அட்டவணையாகப் போட்டால் பதில் கிடைத்துவிடும்.

இன்னொன்றையும் இப்போதே முடிவு செய்யுங்கள். தொடை என்றால் உண்டு, இல்லை என்ற இரண்டு பதில்தான். ஒரு பற்றீரியா ஒரு மண்ணில் பத்தாயிரம் தடவையும் இன்னொரு மண்ணில் மூன்று தடவையும் அகப்பட்டிருந்தால், வென் வரிப்படம் இரண்டையும் ஒன்றாகத்தான் காட்டும். உங்கள் கேள்வி அளவைப் பற்றியது என்றால் வேறு வரைபுக்குப் போங்கள்.

2. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

முதலில் கணினிக் கோப்புகள். ஒவ்வொரு தொடைக்கும் ஒரு தனிக் கோப்பு, ஒரு நிரையில் ஒரு பெயர், வேறு எதுவும் வேண்டாம். அப்புறம் அகிலத் தொடைக்கு ஒரு கோப்பு, அதாவது நீங்கள் சோதித்துப் பார்த்த எல்லாவற்றினதும் பட்டியல். இதைப் பலரும் வைத்திருப்பதில்லை, எட்டாவது படியில் தேவைப்படும். மூன்றாவதாக ஒரு குறிப்புக் கோப்பு: எந்த எல்லைப் பெறுமானத்தை வைத்துப் பட்டியலைப் பிரித்தீர்கள், எந்த ஜீனோமின் எந்தப் பதிப்பு, எந்தத் தரவுத்தளம், எந்தத் திகதியில் இறக்கினீர்கள். வைவாவில் (வாய்மொழிப் பரீட்சையில்) முதல் கேள்வி இதிலிருந்துதான் வரும்.

அடுத்தது கடதாசிகள். ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா, ஆகவே அங்கே மாதிரி எடுக்க வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். நக்கிள்ஸ் போன்ற காடுகளுக்கு வன இலாகாவிடம் போக வேண்டும். தோட்டத்து மண்ணோ கொழுந்தோ என்றால் தோட்ட நிர்வாகத்தின் கடிதம். கங்காணி ஐயா தலையாட்டினார் என்பது கடிதம் ஆகாது. தோட்டத் துரையின் (முகாமையாளரின்) கையெழுத்தும் முத்திரையும் இருக்கட்டும். அனுமதி இலக்கங்களை ஆய்வேட்டில் எழுத வேண்டிவரும், மூலப் பிரதிகளை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி மாதக்கணக்கில் இழுபடலாம். மாதிரி எடுக்கும் பருவத்தை எண்ணி முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

தரவு உங்களுடையதல்ல, ஓர் ஆய்வு நிறுவனத்துடையது என்றால் இன்னொரு கடிதமும் தேவை. வெளியிடப்படாத ஜீன் பட்டியலை இணையக் கருவி ஒன்றில் ஒட்டுவதற்கு முன் அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். கேட்க மனமில்லை என்றால் உங்கள் கணினிக்குள்ளேயே ஓடும் மென்பொருளைப் பாவியுங்கள்.

3. பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள்

கொழுந்தை நிறுக்கும் முன் முற்றல் இலையையும் குச்சியையும் பொறுக்கி எறிவது போலத்தான் இதுவும். இதில் கை வைக்காமல் வரைந்த படம் அழகாக இருக்கலாம், எண்கள் பிழையாகத்தான் இருக்கும்.

எக்செலிலிருந்து தொடங்குவோம். மார்ச்1 என்று ஒரு மனித ஜீன் இருந்தது. எக்செல் அதை மார்ச் முதலாம் திகதியாக மாற்றிவிடும். செப்ட்2 செப்டெம்பர் ஆகிவிடும். இந்தத் தொல்லை தாங்காமல் மனித ஜீன்களுக்குப் பெயரிடும் குழு 2020இல் அந்த ஜீன்களின் பெயர்களையே மாற்றிவிட்டது. ஒரு மென்பொருளின் பிடிவாதத்துக்காக விஞ்ஞானம் பெயர் மாற்றிக்கொண்டது என்றால், அது எத்தனை பேரைப் படுத்தியிருக்கும் என்று பாருங்கள்! தேயிலையில் வேலை செய்தாலும் நீங்கள் தப்பிவிட முடியாது. மாதிரிக் குறியீடு 3, ஆங்கில ஈ, 2 என்று இருந்தால் எக்செல் அதை 300 என்று எடுத்துக்கொள்ளும். முன்னால் பூச்சியம் உள்ள இலக்கங்களில் பூச்சியம் காணாமல் போகும். கோப்பைத் திறக்கும் முன்பே அந்த நிரலை "டெக்ஸ்ட்" வகையாகக் குறித்து இறக்குமதி செய்யுங்கள். இரட்டைச் சொடுக்கில் சீஎஸ்வி கோப்பைத் திறக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. பெயருக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் ஒட்டியிருந்தால் கணினிக்கு அது வேறு பெயர். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடும் அப்படித்தான். சில பட்டியல்களில் ஜீன் குறியீட்டின் முடிவில் புள்ளி 1, புள்ளி 2 என்று வால் இருக்கும், அது ஒரே ஜீனின் வெவ்வேறு ஆர்என்ஏ வடிவங்களையோ பதிப்புகளையோ குறிப்பது. ஒரு பட்டியலில் வால் இருந்து மற்றதில் இல்லை என்றால் இடைவெட்டு பூச்சியம் என்று வரும். பூச்சியமோ, நம்ப முடியாத அளவுக்குச் சின்ன எண்ணோ வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

தேயிலைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஜீனோம் தொகுப்புகள் வெளியாகியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் குறியீட்டு முறை வேறு. கொப்புள நோய் பற்றிய ஒரு பழைய ஆய்வின் பட்டியலையும் உங்களுடைய புதிய பட்டியலையும் ஒப்பிடுவதென்றால், இரண்டையும் ஒரே தொகுப்பின் குறியீட்டுக்கு மாற்றாமல் ஒப்பிட முடியாது. மாற்றும்போது சில ஜீன்கள் விடுபடும். எத்தனை விடுபட்டன என்பதைக் குறிப்புக் கோப்பில் எழுதுங்கள்.

உயிரினப் பட்டியல் என்றால் பெயர்க் குழப்பம் வேறு விதம். மலைக்காடுகளில் வாழும், இலங்கைக்கே உரிய மரப்புறாவின் விஞ்ஞானப் பெயரை நூல்களில் கொலம்பா டொரிங்டோனியே என்றும் பார்க்கலாம், கொலம்பா டொரிங்டோனி என்றும் பார்க்கலாம். பறவை ஒன்றுதான், கணினிக்கு இரண்டு. ஒரு நூலையோ பட்டியலையோ அடிப்படையாக எடுத்து எல்லாப் பெயரையும் அதற்கு மாற்றுங்கள்.

மண் பற்றீரியா செய்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். மென்பொருள் தானாகக் கொடுக்கும் ஓடீயூ 1, ஓடீயூ 2 என்ற இலக்கங்கள் (ஓடீயூ என்பது ஒத்த டீஎன்ஏ வரிசைகளைச் சேர்த்த ஒரு குழு) அந்த ஓட்டத்துக்கு மட்டும் உரியவை. உயர்நில மாதிரிகளைத் தனியாகவும் தாழ்நில மாதிரிகளைத் தனியாகவும் ஓட்டியிருந்தால், இரண்டிலும் உள்ள ஓடீயூ 1 ஒரே உயிரி அல்ல. எல்லா மாதிரிகளையும் ஒன்றாகச் சேர்த்து மீண்டும் ஓட்டுங்கள். அல்லது இலக்கத்தை விட்டுவிட்டு டீஎன்ஏ வரிசையையே பெயராக வைத்து ஒப்பிடுங்கள்.

கடைசியாக, ஒரே பட்டியலுக்குள் இரண்டு தடவை வரும் பெயர்களை நீக்குங்கள். நீக்குவதற்கு முன்னும் பின்னும் எண்ணிக்கையைக் குறித்துவையுங்கள்.

4. "இங்கே மட்டும்" என்று எழுதும் முன்

பரீட்சகர்கள் பிடிக்கும் இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

வரட்சிக்கு வைத்த இரண்டு தேயிலை வகைகளில் எந்த ஜீன்களின் வெளிப்பாடு (செயற்படும் அளவு) மாறியது என்று பார்க்கிறீர்கள். எல்லை 0.05. ஒரு ஜீனின் திருத்திய பீ-பெறுமானம் (மாற்றம் தற்செயலாக வந்திருக்குமா என்று மதிப்பிட உதவும் எண்) முதல் வகையில் 0.049, இரண்டாம் வகையில் 0.051. வென் வரிப்படத்தில் அது "முதல் வகையில் மட்டும்" என்ற பகுதிக்குள் போய் உட்கார்ந்துவிடும். உண்மையில் இரண்டிலும் அது ஏறத்தாழ ஒரே மாதிரித்தான் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு பட்டியலில் இருக்கிறது, மற்றதில் இல்லை என்பதால் இரண்டு வகைகளும் வேறுபடுகின்றன என்று நிறுவப்பட்டுவிடாது. வேறுபாட்டை நிறுவ, இரண்டையும் ஒரே மாதிரியுருவில் வைத்து வகையும் வரட்சியும் சேரும் தாக்கத்தைத் தனியாகச் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனை செய்யவில்லை என்றால் "மட்டும்" என்ற சொல்லைக் கட்டுரையில் அடக்கமாகப் பாவியுங்கள். இரண்டு வகைகளிலும் ஜீன்கள் மாறிய அளவை ஒன்றுக்கொன்று எதிராகப் புள்ளியிட்டு ஒரு வரைபையும் பக்கத்தில் போட்டால் வாசகருக்கு நிலைமை உடனே புரியும்.

வெளிப்பாடு கூடிய ஜீன்களையும் குறைந்த ஜீன்களையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள். ஒரு வகையில் கூடி மற்றதில் குறைந்த ஜீன், கலந்த பட்டியலில் "பொதுவானது" என்று எண்ணப்பட்டுவிடும். இது எவ்வளவு பெரிய பிழை என்று நான் விளக்கத் தேவையில்லை.

தேடிய அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். சிவனொளிபாதமலை வனம், ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் என்று மத்திய மலைநாட்டின் மூன்று பகுதிகள் 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டன. மூன்று தொடைகளுக்கு அருமையான உதாரணம். ஆனால் ஓரிடத்தில் பத்து நாளும் இன்னோரிடத்தில் இரண்டு நாளும் பறவை பார்த்திருந்தால், பத்து நாள் பார்த்த இடத்தில்தான் "தனித்துவமான" இனங்கள் அதிகம் வரும். காடு செய்யும் வேலை அல்ல அது, உங்கள் கால் செய்யும் வேலை. டீஎன்ஏ தரவிலும் அதே கதைதான், அதிகம் வாசிக்கப்பட்ட மாதிரியில் அரியவை அதிகம் தென்படும். எல்லா மாதிரிகளையும் ஒரே வாசிப்பு எண்ணிக்கைக்குக் குறைத்தபின் தொடை அமையுங்கள், ஒரே ஒரு தடவை தோன்றியவற்றை நீக்குவதையும் யோசியுங்கள்.

5. எத்தனை தொடை, எந்தப் படம்

எல்லாத் தொடைக்கும் வெளியே உள்ள பகுதியை விட்டுவிட்டால், 2 தொடைக்கு 3 பகுதிகள், 3க்கு 7, 4க்கு 15, 5க்கு 31, 6க்கு 63. இந்த ஏற்றத்தைப் பார்த்தாலே முடிவு தெரியும்.

இரண்டு அல்லது மூன்று தொடை என்றால் வட்டங்களால் ஆன வென் வரிப்படம் போதும். நான்குக்கு வட்டம் சரிவராது. நான்கு வட்டங்களை எப்படிக் குறுக்கும் மறுக்குமாக வைத்தாலும் தளத்தை 14 பகுதிகளுக்கு மேல் பிரிக்க முடியாது. வெளிப்பகுதியையும் சேர்த்து நமக்கு வேண்டியது 16. ஆகவே நான்கு வட்டத்தில் யாராவது வரைந்து காட்டினால் அதில் குறைந்தது இரண்டு பகுதிகள் காணாமல் போயிருக்கும். நான்குக்கு நீள்வட்டங்களைப் பாவியுங்கள். ஐந்துக்கும் நீள்வட்டத்தில் வரையலாம்தான், வாசிப்பவர் பாவம்.

ஐந்தும் அதற்கு மேலும் என்றால் அப்செட் வரைபு, அதாவது ஒவ்வொரு சேர்க்கையையும் ஒரு சலாகையாகக் காட்டும் வரைபு (ஏழாவது படியில் விளக்குகிறேன்). வாழை ஜீனோமை வெளியிட்ட 2012ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஆறு தாவரங்களை வைத்து வாழைப்பழ வடிவத்தில் ஒரு வென் வரிப்படம் போட்டிருந்தார்கள். பார்க்க அழகு. 63 பகுதிகளில் எது எதுவென்று விரல் வைத்துத் தேடிப் பாருங்கள், அப்புறம் அப்செட்டின் அருமை விளங்கும்.

வட்டத்தின் பரப்பு எண்ணிக்கைக்கு ஏற்ப இருக்க வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். இரண்டு தொடைக்கு அது முடியும். மூன்றுக்கு வட்டங்களால் எல்லா வேளையும் சரியாக வராது. ஆர் என்ற இலவசப் புள்ளிவிபரக் கணினி மொழியின் "யூலர்" பெக்கேஜ் நீள்வட்டங்களைக் கொண்டு முடிந்தவரை நெருக்கமாக வரைந்து, எவ்வளவு பிழை என்றும் சொல்லும். அந்தப் பிழை எண்ணைப் பார்க்காமல் படத்தை எடுக்காதீர்கள்.

6. கருவியும் செலவும்

நல்ல செய்தி: மென்பொருளுக்குக் காசு வேண்டாம். இணையத்தில் வென்னி நான்கு பட்டியல்கள் வரை எடுக்கும், இன்டராக்டிவென்னும் ஜேவென்னும் ஆறு வரை. பட்டியலை ஒட்டினால் படம் வந்துவிடும். ஒரு பகுதியைச் சொடுக்கினால் அதிலுள்ள பெயர்களும் வரும். போனிலேயே ஒரு முதற்பார்வை பார்த்துவிடலாம்.

ஆய்வேட்டுக்கு ஆர் மொழியைப் பரிந்துரைக்கிறேன், ஏனென்றால் பட்டியல் மாறும்போதெல்லாம் அதே கட்டளைக் கோப்பை மீண்டும் ஓட்டினால் போதும். மேற்பார்வையாளர் எல்லையை 0.05இலிருந்து 0.01க்கு மாற்றச் சொல்லுவார், அதற்கும் ஆயத்தமாக இருக்கலாம். வென்னுக்கு ஜீஜீவென்டயகிராம், அப்செட்டுக்கு அப்செட்ஆர் அல்லது கொம்ப்ளெக்ஸ்அப்செட். பைதன் தெரிந்தவர்களுக்கு அப்செட்ப்ளொட் இருக்கிறது.

செலவு டேட்டாவில்தான். ஆர், ஆர்ஸ்டூடியோ, பெக்கேஜ்கள் எல்லாம் சேர்ந்தால் பல நூறு எம்பி. லயத்து வீட்டில் சிக்னல் ஒரு கோடுதான் என்றால் அங்கே இறக்க முயலாதீர்கள். பல்கலைக்கழக வைஃபையில் மொத்தமாக இறக்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள், அல்லது இரவு டேட்டாவைப் பாவியுங்கள். நிறுவி முடிந்ததும் வலையைத் துண்டித்துவிட்டு ஒரு சின்ன உதாரணத்தை ஓட்டிப் பாருங்கள். ஏதாவது துணைப் பெக்கேஜ் விடுபட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இந்த வேலைக்கு விலைகூடிய லெப்டொப் தேவையில்லை, 4 ஜீபி நினைவகம் உள்ள பழையதே போதும்.

7. வரையுங்கள், உடனே கூட்டிப் பாருங்கள்

அப்செட்டை முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்கு: கீழே புள்ளிக் கட்டம், ஒவ்வொரு நிரையும் ஒரு தொடை. ஒரு நிரலில் கறுத்திருக்கும் புள்ளிகள் எந்தெந்தத் தொடைகள் சேர்கின்றன என்பதைச் சொல்லும். அதற்கு நேர் மேலே உள்ள சலாகை அந்தச் சேர்க்கையில் எத்தனை என்பதைக் காட்டும். இடப்பக்கத்தில் படுத்திருக்கும் சலாகைகள் ஒவ்வொரு தொடையின் முழு அளவு.

இங்கே இரண்டு பொறிகள். அப்செட்ஆர் நீங்கள் சொல்லாவிட்டால் பெரிய 5 தொடைகளையும் 40 சேர்க்கைகளையும் மட்டுமே காட்டும். ஏழு தொடை கொடுத்தால் இரண்டைச் சத்தமில்லாமல் விட்டுவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. "என்செட்ஸ்", "என்இன்டர்செக்ட்ஸ்" என்ற இரண்டு அமைப்புகளையும் நீங்களே எழுதிக் கொடுங்கள்.

மற்றப் பொறி எண்ணின் பொருளில். ஒரு கற்பனை உதாரணம்: உயர்நிலப் பட்டியலில் 120 பெயர்கள். உயர்நிலத்தில் மட்டும் 60, உயர்நிலமும் இடைநிலமும் மட்டும் 25, உயர்நிலமும் தாழ்நிலமும் மட்டும் 10, மூன்றிலும் 25. உயர்நிலத்துக்கும் இடைநிலத்துக்கும் பொதுவானவை எத்தனை? மூன்றாவதிலும் இருப்பவற்றைச் சேர்த்தால் 50, சேர்க்காவிட்டால் 25. வென் வரிப்படத்தின் அந்தப் பகுதியும் அப்செட்ஆரின் சலாகையும் 25 என்றே காட்டும். வேறு சில கருவிகளில் எந்த முறையில் எண்ண வேண்டும் என்று நாமே தெரிவு செய்யலாம். எந்த முறை என்பதைப் படத்தின் கீழ் எழுதாவிட்டால் வாசிப்பவர் 50ஐயும் 25ஐயும் போட்டுக் குழப்பிக்கொள்வார்.

கூட்டிப் பார்ப்பது எளிது: 60, 25, 10, 25 நான்கையும் கூட்டினால் 120 வர வேண்டும். ஒவ்வொரு தொடைக்கும் இப்படிச் செய்யுங்கள். வரவில்லை என்றால் மூன்றாவது படிக்குத் திரும்புங்கள்.

8. இந்த இடைவெட்டு தற்செயலா?

30 ஜீன்கள் பொதுவாக இருக்கின்றன என்று மகிழ்வதற்கு முன், கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கியிருந்தால் எத்தனை வந்திருக்கும் என்று பாருங்கள். ஒரு பட்டியலில் 600, மற்றதில் 400, அகிலத் தொடையில் 20,000 என்றால், 600ஐயும் 400ஐயும் பெருக்கி 20,000ஆல் வகுக்க 12 வரும். 30 என்பது அதைப் போல இரண்டரை மடங்கு. இவ்வளவு தற்செயலாக வரும் நிகழ்தகவுக்கு ஃபிஷரின் சரிச்சோதனையை (ஃபிஷர் எக்ஸாக்ட் டெஸ்ட்) ஆரில் ஒரே வரியில் செய்துவிடலாம்.

அகிலத் தொடைதான் இங்கே வில்லங்கம். ஜீனோமில் உள்ள எல்லா ஜீன்களையும் போடாதீர்கள். உங்கள் இலையில் வெளிப்பட்டு, சோதனைக்கு உட்பட்ட ஜீன்களை மட்டும் போடுங்கள். 20,000க்குப் பதிலாக 35,000 என்று போட்டால் எதிர்பார்த்த எண் 12இலிருந்து ஏறத்தாழ 7க்கு இறங்கிவிடும், உங்கள் 30 இன்னும் பெரிதாகத் தெரியும். பரீட்சகருக்கும் இந்தத் தந்திரம் தெரியும்.

9. அச்சுக்குக் கொடுக்கும் முன்

பிடிஎஃப் அல்லது எஸ்விஜி ஆகச் சேமியுங்கள். படக்கோப்புத்தான் வேண்டும் என்றால் அங்குலத்துக்கு 300 புள்ளி. சிவப்பையும் பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள், நிறப்பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் பலருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். தமிழில் பெயரிடுவதானால் ஆரின் வழக்கமான பிடிஎஃப் முறை எழுத்துகளைச் சரியாகக் காட்டாது, "கெய்ரோ" பிடிஎஃப் முறையையோ "ராக்" பெக்கேஜையோ பாவித்துக் கொம்பும் காலும் சரியான இடத்தில் விழுகின்றனவா என்று பாருங்கள்.

வர்ணப் பக்கத்துக்கு அச்சகத்தில் தனி விலை. அப்செட் கறுப்பு வெள்ளையிலேயே தெளிவாக இருக்கும் என்பது அதை விரும்ப இன்னொரு காரணம். வென் வரிப்படங்களை ஒரே பக்கத்தில் சேர்த்தால் வர்ணப் பக்கம் ஒன்றோடு முடியும்.

நேரத்தை இப்படிப் பிரித்து வையுங்கள்: சுத்தம் செய்ய மூன்று நாள், நிறுவலுக்கு ஓர் இரவு, வரையவும் கூட்டிப் பார்க்கவும் ஒரு பகல், மேற்பார்வையாளரின் திருத்தங்களுக்கு ஒரு வாரம். ஆய்வேட்டைப் புத்தகமாகக் கட்டுவதற்குக் கண்டிக்கோ பதுளைக்கோ போகும் நாள் போயா தினமா என்று கலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் உள்ள பெயர்களின் முழுப் பட்டியலையும் பின்னிணைப்பாகச் சேர்த்து, படத்தின் கீழ் அதன் பக்க இலக்கத்தைப் போடுங்கள்.